வேண்டாம் என்றால் என்ன விலை? அழகும் உடல் மாற்றமும் பெண்ணியமும்

1962-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண் மருத்துவமனைக்குப் போனார். ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுத்துவிட வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். மருத்துவர்களிடம் வேறு யோசனை இருந்தது. சிலிக்கோன் நிரப்பிய பை ஒன்றைப் புதிதாகச் செய்து வைத்திருந்தார்கள். அதைப் பொருத்திப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. நீங்கள் சம்மதிப்பீர்களா என்று கேட்டார்கள். மார்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, என் காதுதான் விடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைச் சரிசெய்தால் தேவலை என்றார் அவர். சரி, அதையும் செய்து தருகிறோம் என்றார்கள். உலகின் முதல் சிலிக்கோன் மார்பக இம்பிளான்ட் அறுவை இப்படித்தான் நடந்தது.

அந்த உடலில் நடந்தவை மூன்று. எப்போதோ குத்திக்கொண்டு, பிறகு வேண்டாமென்று ஆகிவிட்ட பச்சை. அவர் கனவிலும் கேட்டிராத மார்பு. உண்மையிலேயே அவரை உறுத்திய காது. மூன்றுக்கும் அவர் சம்மதம் சொன்னார். கையைக் காலைக் கட்டி யாரும் மேசையில் படுக்க வைக்கவில்லை. அப்படியானால் மூன்றுமே அவருடைய சொந்தத் தேர்வுதானா? சொந்தத் தேர்வு என்றால் அது பெண்ணியமா? லிப்ஸ்டிக், முடி நீக்கம், ஹை ஹீல்ஸ், போட்டாக்ஸ், டாட்டூ, மூக்கு அறுவை என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்விதான் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஒரு தரப்பு சொல்கிறது: என் உடல், என் விருப்பம்; நானே முடிவெடுத்தால் அதுவே பெண்ணியம். இன்னொரு தரப்பு சொல்கிறது: உன் விருப்பம் என்று நீ நினைப்பதே ஆணாதிக்கம் உன் தலைக்குள் வைத்த சரக்கு. முதல் தரப்புக்கு எல்லாமே விடுதலை, இரண்டாம் தரப்புக்கு எல்லாமே விலங்கு. இரண்டு பேச்சையும் கேட்கும்போது எனக்கு ஒரே சந்தேகம்தான் வரும்: இருவருமே கண்ணாடி முன் நிற்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, கண்ணாடியை அங்கே மாட்டியது யார் என்று ஏன் பார்ப்பதில்லை?

எரியாத பிரா

1968 செப்டம்பர் 7 அன்று அட்லான்டிக் சிட்டியில் 'மிஸ் அமெரிக்கா' போட்டி நடந்த அரங்கத்துக்கு வெளியே பெண்கள் கூடினார்கள். நியூயார்க் ரேடிகல் விமன் என்ற குழு ஏற்பாடு செய்த போராட்டம். கடற்கரை நடைபாதையில் ஒரு தொட்டியை வைத்து அதற்குச் 'சுதந்திரக் குப்பைத் தொட்டி' என்று பெயரிட்டார்கள். பிரா, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, ஹை ஹீல்ஸ், ஒட்டு இமை, பெண்கள் பத்திரிகை, தரை துடைக்கும் துடைப்பம் என்று ஒவ்வொன்றாக அதில் போய் விழுந்தன. பெண்ணியவாதிகள் பிராவை எரித்தவர்கள் என்று இன்றுவரை சொல்லப்படும் கதை பிறந்தது இங்கேதான். ஆனால் அன்று அங்கே எதுவும் எரியவில்லை. மரப்பலகை நடைபாதையில் தீ மூட்ட அனுமதி இல்லை. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் அட்டைகளை இளைஞர்கள் எரித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாளிதழ் அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

எரிந்ததா இல்லையா என்பதைவிடப் போராட்டம் முடிந்தபின் நடந்தது சுவாரசியமானது. அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கரோல் ஹானிஷ், தங்கள் போராட்டத்தையே விமர்சித்து எழுதினார். போட்டியில் கலந்துகொண்ட பெண்களைக் குத்திக்காட்டும் பதாகைகளைத் தூக்கியது பெரிய பிழை என்றார். சண்டை போட வேண்டியது அழகை வைத்து வியாபாரம் செய்பவர்களோடு. பார்த்தவர்களுக்கோ மேடையில் நின்ற பெண்கள்மேல்தான் இவர்களுக்குக் கோபம் என்று தோன்றிவிட்டது.

ஹானிஷும் அவருடைய தோழிகளும் அப்போது சொன்ன இன்னொரு விஷயத்தை இந்த விவாதத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஒப்பனை செய்துகொள்ளும் பெண்ணுக்கு மூளைச்சலவை நடந்துவிட்டது என்று அவர்கள் நம்பவில்லை. அவள் கணக்குப் போடுகிறாள் என்றார்கள். ஒப்பனை இல்லாமல் போனால் வேலை கிடைக்காது, மதிப்பும் இருக்காது என்கிற இடத்தில் ஒப்பனை செய்வது ஏமாளித்தனமா? அந்த நிலைமைக்கு அதுதான் விவரமான செயல். அவளைத் திருத்தப் போகாதே, அவளை அப்படிக் கணக்குப் போட வைக்கிற நிலைமையைத் திருத்து. ஹானிஷின் கட்டுரைத் தலைப்பாக 1970-இல் வெளிவந்து உலகம் சுற்றிய 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற முழக்கத்தின் பொருள் இதுதான்: உன் ஒருத்தியின் கோளாறு என்று நீ நினைப்பது உண்மையில் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை, அதற்குத் தீர்வும் பொதுவில்தான் இருக்கிறது.

பிற்காலத்தில் அந்த முழக்கம் அப்படியே தலைகீழாகப் புரண்டது. தனிப்பட்டதும் அரசியலே என்பது, நான் தனியாகச் செய்கிற எதுவுமே அரசியல்தான் என்று ஆனது. சிவப்பு லிப்ஸ்டிக் பூசினால் புரட்சி, பூசாவிட்டாலும் புரட்சி. 2005-இல் அமெரிக்க எழுத்தாளர் லிண்டா ஹிர்ஷ்மன் இந்த மனப்போக்குக்குத் 'தேர்வுப் பெண்ணியம்' என்று பெயர் வைத்தார். படித்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதையும் 'என் தேர்வு' என்று சொல்லி எல்லா விமர்சனத்தையும் மூடிவிடுவதைப் பற்றித்தான் அவர் பேசினார். அழகு விவகாரத்துக்கு அந்தப் பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

விடுதலை விற்பனைக்கு

இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பெண்கள் மட்டும் செய்யவில்லை. 1929 ஈஸ்டர் நாளன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சில இளம்பெண்கள் எல்லோரும் பார்க்கச் சிகரெட் பற்றவைத்தபடி நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது அப்போது அடாத செயல். அவர்கள் கையில் இருந்த சிகரெட்டுகளுக்குச் 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்று பெயர். ஊர்வலத்துக்குப் பின்னால் இருந்தவர் விளம்பர வித்தகர் எட்வர்ட் பெர்னேஸ். கூலி கொடுத்தது லக்கி ஸ்டிரைக் தயாரித்த புகையிலை நிறுவனம். அதே காலத்தில் அதே சிகரெட்டுக்கு இன்னொரு விளம்பரமும் ஓடியது: இனிப்புக்குக் கை நீட்டாதே, அதற்குப் பதில் லக்கியை எடு. ஒரு கையில் விடுதலை, மறு கையில் ஒல்லி இடுப்பு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்க முடியும் என்பதை வியாபாரிகள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள்.

உடல் முடியின் கதையும் இதே ரகம். 1915-இல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று தனி சவரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில்லாத உடை அப்போதுதான் நாகரிகமாகிக்கொண்டிருந்தது. அக்குள் முடி வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று விளம்பரங்கள் சொல்லித் தந்தன. முடியை நீக்கும் வழக்கம் பழைய காலத்திலும் பல இடங்களில் உண்டுதான். ஆனால் முடி இருந்தாலே குறை என்று கோடிக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் நினைக்கத் தொடங்கியது புதிது. அந்த வெட்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. 1920-களில் அமெரிக்காவில் 'டிரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ்ரே கதிரால் முகத்து முடியை நீக்கும் நிலையங்கள் நடந்தன. வலி இல்லை, தழும்பு இல்லை என்று சொல்லிச் செய்தார்கள். சில ஆண்டுகளில் தோல் சுருங்கியது, புண் வந்தது, சிலருக்குப் புற்றுநோயே வந்தது. 1930-களில் வந்த 'கோரெம்லு' என்ற முடி நீக்கும் கிரீமில் இருந்தது தாலியம், அதாவது அந்நாளில் எலி விஷத்தில் போட்ட பொருள்.

அந்த நிலையங்களுக்குப் போன பெண்கள் எல்லோரும் தாங்களாகவேதான் போனார்கள். கட்டணமும் அவர்களே கட்டினார்கள்.

'எனக்காகத்தான் அலங்கரித்துக்கொள்கிறேன், யாருக்காகவும் இல்லை' என்று சொல்பவர்களை நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்போது வரும் மகிழ்ச்சி உண்மையானதுதான். ரசனை என்பது தாய்மொழி மாதிரி. எந்த மொழி வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்டுவிட்டு ஊட்டவில்லை. அதற்காக அதில் பேசும்போது வரும் சந்தோஷம் போலியாகிவிடாது. அதே நேரத்தில், நான் பேசுகிற மொழியை நானே உருவாக்கினேன் என்று சொல்லவும் முடியாது. எனக்கு எது அழகாகத் தெரிகிறது என்பதில் நூறு வருட விளம்பரமும் இருக்கிறது, அம்மாவின் ஒரு பார்வையும் இருக்கிறது, பள்ளியில் யாரோ சொன்ன ஒரு கிண்டலும் இருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னவர்கள்

ஒரு பெண் ஏன் செய்துகொண்டாள் என்று அவள் மனசுக்குள் தோண்டுவதால் அதிகம் தெரிந்துவிடாது. செய்துகொள்ளாத பெண்ணுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் நிறையத் தெரியும். ஒரு விஷயம் தேர்வா, கட்டாயமா என்பது மறுக்கிறவர் கொடுக்கும் விலையில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவின் ரீனோ நகரச் சூதாட்ட விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில் ஒரு பெண் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். நல்ல ஊழியர் என்று பெயர் எடுத்தவர். 2000-இல் விடுதி புது விதி கொண்டுவந்தது: பெண் ஊழியர்கள் பவுடர், கன்னச் சிவப்பு, மஸ்காரா, லிப்ஸ்டிக் போட்டே ஆக வேண்டும். ஆண்களுக்கு முடி குட்டையாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது. அந்தப் பெண் ஒருமுறை மேக்கப் போட்டுப் பார்த்து, நான் நானாகவே இல்லை என்று விட்டவர். மறுத்தார், வேலை போனது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆணுக்கும் விதி, பெண்ணுக்கும் விதி, ஆகவே சமம். மேக்கப்புக்குக் கூடுதல் காசும் நேரமும் ஆகும் என்பதற்கு அவர் சான்று தாக்கல் செய்யவில்லையாம்! மேக்கப் பையைத் திறந்து பார்த்த எவருக்கும் இதற்குச் சான்று தேவைப்படாது. (தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரும் கிட்டத்தட்ட இதையே எழுதினார்.)

இந்த விடுதி வாய்விட்டுச் சொன்னதை மற்ற இடங்கள் சொல்லாமல் செய்கின்றன. ஜாக்லின் வாங், ஆண்ட்ரூ பென்னர் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் கவர்ச்சியானவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் சராசரியானவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. இது பழைய செய்திதான். புதிது என்னவென்றால், பெண்களைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் வருமானம் கிட்டத்தட்ட முழுவதுமே பிறவி அழகிலிருந்து வரவில்லை. உடை, முடி, ஒப்பனை என்று தங்களைச் சீர்செய்துகொள்வதிலிருந்து வந்தது. அப்புறம் 'அவள் ஆசைக்கு மேக்கப் போடுகிறாள்' என்று எப்படிச் சொல்வது? சம்பளச் சீட்டில் ஏறாத வேலை அது.

ஜப்பானில் 2019-இல் யூமி இஷிகாவா என்ற நடிகை, வேலையிடத்தில் பெண்களை ஹை ஹீல்ஸ் போடச் சொல்லக் கூடாது என்று ஒரு மனு தொடங்கினார். 18,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். இயக்கத்துக்கு 'கூடூ' என்று பெயர். ஜப்பானிய மொழியில் செருப்பையும் வலியையும் குறிக்கும் இரு சொற்களை வைத்து விளையாடிய பெயர். தொழிலுக்கு அவசியமும் பொருத்தமும் என்ற அளவில் இருந்தால் அது சமூகம் ஏற்றுக்கொண்டதே என்கிற மாதிரி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விமானப் பணிப்பெண்களுக்கான ஹீல்ஸ் விதியை நீக்கியது. கவனியுங்கள், யாரும் ஹீல்ஸைத் தடை செய்யச் சொல்லவில்லை. பிடித்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும். விதி போன பிறகுதான் அங்கே ஹீல்ஸ் முதல்முறையாக ஒரு தேர்வானது.

இந்த இடத்தில் மிகக் கொடூரமான உதாரணம் கறுப்பினப் பெண்களின் தலைமுடி. 1981-இல் ஒரு விமான நிறுவன ஊழியை, தன் முடியை வரிவரியாகப் பின்னிக்கொள்ள உரிமை கேட்டு நியூயார்க்கில் வழக்குப் போட்டுத் தோற்றார். பின்னல் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றுதானே, அதை நிறுவனம் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். இயற்கையான சுருள்முடியையும் பின்னலையும் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் முதன்முதலாகச் சட்டம் போட்டது 2019-இல். இடைப்பட்ட காலம் முழுக்க எத்தனையோ பெண்கள் ரசாயனம் போட்டு முடியை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். 2022-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஏறத்தாழ 33,500 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. இருந்தாலும் சங்கிலியைப் பாருங்கள்: வேலைக்காக நேராக்கினாள், நேராக்கியதற்காக நோயின் பயத்தோடு வாழ்கிறாள். இதில் 'அவள் முடி, அவள் விருப்பம்' என்கிற வாசகத்தை எந்தக் கண்ணியில் மாட்டுவது?

தேர்வு என்றால் விவரம் தெரிந்து தேர்ந்தெடுப்பது என்ற அடிப்படைக்கே பஞ்சம் உண்டு. பிரான்சின் பி.ஐ.பி. என்ற மார்பக இம்பிளான்ட் நிறுவனம் மருத்துவத் தர சிலிக்கோனுக்குப் பதில் மலிவான தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது; உலகம் முழுக்க ஏறத்தாழ மூன்று லட்சம் பெண்களின் உடலில் அந்தப் பைகள் இருந்தன. அதன் நிறுவனருக்கு 2013-இல் நான்கு ஆண்டு சிறை. 2019-இல் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளான்ட்கள் ஓர் அரிய புற்றுநோயோடு தொடர்புடையவை என்று திரும்பப் பெறப்பட்டன. பெண்களிடம் ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, பட்டியலில் கையெழுத்து வாங்கிய பிறகே மார்பக இம்பிளான்ட் வைக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டாயமாக்கியது 2021-இல். ஹூஸ்டன் பெண்ணிடம் சம்மதம் வாங்கி 59 ஆண்டுகள் கழித்து.

அழகாக வேண்டாம், சாதாரணமாக இருந்தால் போதும்

அறுவை செய்துகொள்ளும் பெண்களை வீண் ஆடம்பரக்காரிகள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சமூகவியலாளர் கேத்தி டேவிஸ் நெதர்லாந்தில் இப்படிப்பட்ட பெண்களோடு விரிவாகப் பேசினார். அங்கே ஒரு காலத்தில் அழகு அறுவைக்கும் பொதுக் காப்பீடு பணம் கொடுத்தது; யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்று அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். டேவிஸ் சந்தித்த பெண்களைப் பார்த்தால் எது குறை என்றே பெரும்பாலும் வெளியாளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பேரழகியாக வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோரையும்போல இருக்க வேண்டும், நாலு பேர் நடுவில் அந்த ஒரு உறுப்பை மறந்துவிட்டு உட்கார வேண்டும் என்றார்கள். வருடக்கணக்காகப் பட்ட வேதனைக்கு அவர்கள் கைக்கு எட்டிய மருந்து அது. டேவிஸ் அவர்களை ஏமாந்தவர்கள் என்று பார்க்க மறுத்தார், அறுவையைக் கொண்டாடவும் மறுத்தார். அப்படி நடுவில் நின்றதற்காகச் சக பெண்ணியவாதிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்கு அவர் நிலை பிடிக்கும், ஒரு சேர்க்கையோடு. அந்த மருந்து குடித்தவருக்கு வேதனையைக் குறைக்கிறது, அடுத்தவருக்குக் கூட்டுகிறது. பத்துப் பேரில் ஒருவர் நெற்றிச் சுருக்கத்தை நீக்கினால் அவர் இளமையாகத் தெரிவார். ஒன்பது பேர் நீக்கினால் பத்தாமவர் கிழவியாகத் தெரிவார். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. 'சாதாரணம்' என்கிற கோடுதான் நகர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எழுந்துவிட்டால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது, எல்லோருக்கும் கால் வலி மட்டும் மிச்சம். ஆண்களும் இப்போது தாடைக்கும் தலைமுடிக்கும் அறுவை செய்துகொள்கிறார்கள், ஆகவே சமத்துவம் வந்துவிட்டது என்று ஒரு வாதம் கேட்கிறது. கால் வலியில் சமத்துவம்!

நானும் நரைக்குச் சாயம் பூசுகிறவள்தான். அதற்குப் பெண்ணியம் என்று பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது துரோகம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்ணியவாதி செய்கிற எல்லாம் பெண்ணியமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சில நாள் பேருந்தைப் பிடிக்க ஓடுவது மாதிரி, அது சமாளிப்பு. நரையோடு வேலையிடத்துக்குப் போகிற தோழியைப் பார்த்து 'உடம்பு சரியில்லையா' என்று நான் கேட்டால்தான் தப்பு.

விருப்பம் என்ற வாதத்தில் இன்னொரு கள்ளத்தனமும் உண்டு. பிரிட்டனில் பெண்ணுறுப்புச் சிதைப்பைத் தடுக்கும் 2003 சட்டப்படி, வயதுவந்த பெண்ணே விரும்பிக் கேட்டாலும் அது குற்றம். அதே நாட்டில் பெண்ணுறுப்பின் இதழ்களைக் குறைத்து அழகுபடுத்தும் அறுவைக்கு மருத்துவமனைகள் விளம்பரம் செய்கின்றன. முதலாவதில் அவள் சம்மதம் செல்லாது, ஏனென்றால் அவள் பண்பாடு அவளை அப்படிப் பேச வைக்கிறது. இரண்டாவதில் சம்மதம் செல்லும். அவளுக்குப் பண்பாடே இல்லைபோலிருக்கிறது. தடையை நீக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைப் போன்ற பெண்களின் விருப்பம் மட்டும் சுத்தமானது என்கிற நினைப்பைத்தான் சொல்கிறேன்.

ஊர் ஓடினால்

ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். தனியாக நின்றவர்கள் என்ன ஆனார்கள்? 1851-இல் அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளிகள் சிலர், தரையைக் கூட்டும் பாவாடையை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே வரும் குட்டைப் பாவாடையும் அதற்கு அடியில் காற்சட்டையும் போட்டார்கள். அதைப் பத்திரிகையில் ஆதரித்து எழுதிய அமீலியா புளூமரின் பெயரே உடைக்கு வந்தது. தெருவில் கேலி, கல்லெறி. அந்தப் போராளிகளில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டான்டன் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைக் கைவிட்டார். வசதியான உடைதான், ஆனால் மேடையில் வாக்குரிமை பற்றிப் பேசினால் கேட்பவர்கள் காற்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டும் வழக்கம் ஒழிந்த விதம் வேறு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வழக்கம் அது. சிறுமியின் கால்விரல்களை உள்ளே மடக்கி இறுகக் கட்டுவார்கள். எலும்பு முறியும், வாழ்நாள் முழுக்க நடை தடுமாறும். கட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். மகள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. கட்டாத காலுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்ற பயம். எந்த ஒரு குடும்பமும் தனியாக நிறுத்த முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய பாதம் கட்டலுக்கு எதிரான சங்கங்கள் ஒரு தந்திரம் செய்தன. சேருகிற குடும்பங்களிடம் இரண்டு உறுதிமொழி வாங்கின: எங்கள் மகள் காலைக் கட்ட மாட்டோம், எங்கள் மகனுக்குக் கால் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டோம். இரண்டாவது உறுதிமொழிதான் சாவி. அது மறுப்பின் விலையை இறக்கிவிட்டது. போதுமான குடும்பங்கள் சேர்ந்ததும், ஆயிரம் ஆண்டு வழக்கம் பெரும்பாலான இடங்களில் ஓரிரு தலைமுறைக்குள் சரிந்தது.

தென்கொரியாவில் 2018-இல் இளம்பெண்கள் 'இறுக்குக் கச்சையிலிருந்து தப்பு' என்று சொல்லித் தங்கள் முடியைக் குட்டையாக வெட்டி, பவுடரையும் லிப்ஸ்டிக்கையும் நொறுக்கிப் படம் போட்டதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கேயும், மேக்கப் போடுகிறவள் பெண்ணியவாதி இல்லையா என்ற பழைய சண்டை வந்தது, பெண்கள் பெண்களையே மதிப்பெண் போட்டார்கள். அது வீண். ஆனால் நான் ஒருத்தி மட்டுமில்லை என்று காட்டிக்கொண்டது வீணில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்வித்தை வீராங்கனை ஆன் சானை, முடி குட்டையாக இருக்கிறது என்பதற்காக இணையத்தில் ஆண்கள் வசைபாடினார்கள். மூன்று தங்கம் வாங்கிய பிறகும் முடிதான் பேச்சு! உடனே ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் குட்டை முடிப் படங்களைப் போட்டு அவருக்குத் துணை நின்றார்கள்.

ஆக, ஓர் உடல் மாற்றம் பெண்ணியச் செயலாக இருக்கவே முடியாதா? முடியும். நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் தாடையில் குத்திக்கொள்ளும் 'மோகோ கவாயே' என்ற பச்சை காலனி ஆட்சியில் மங்கிப்போனது. அந்தப் பச்சை குத்திய முகத்தோடு அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரியாக 2020-இல் பதவியேற்ற நனையா மஹூட்டாவைப் பார்த்த ஒரு மாவோரிச் சிறுமிக்குத் தன் பாட்டி முகத்தைப் பற்றிய எண்ணம் மாறியிருக்கும். அடுத்தவளுக்கு இடம் அகலமாகிறது. எனக்கு அளவுகோல் அது. சாதாரண டாட்டூவும் ஒரு காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் செய்யாத காரியமாக இருந்தது. இப்போது அமெரிக்கப் பெண்களில் 38 சதவீதம் பேருக்கு டாட்டூ இருக்கிறது, ஆண்களில் 27 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கு. கலகம் கடைச்சரக்காகிவிட்டது. அதனால் டாட்டூ கெட்டதாகிவிடவில்லை. வெறும் டாட்டூவாகிவிட்டது, நல்லதுதானே.

ஒன்றும் செய்துகொள்ளாமல் இருப்பதும் சில நேரம் பெரிய செயல். கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978-இல் புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்தார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தபோதே உதவிக் குழுவிலிருந்து ஒரு பெண் அன்போடு வந்து, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மார்பு வடிவப் பஞ்சு ஒன்றைக் கொடுத்தார். வெளிர் ரோஜா நிறம். லார்ட் கறுப்பினப் பெண். வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை, எடுத்துவிட்டார். சில நாள் கழித்து நன்றாக உடுத்திக்கொண்டு, உயிரோடு இருக்கிறேன் என்ற உற்சாகத்தோடு அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனார். நர்ஸ் அவர் மார்பைப் பார்த்துவிட்டு, நீங்கள் அதை வைத்துக்கொள்ளவில்லையே என்றார். வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை என்றார் லார்ட். இங்கே வரும்போதாவது வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு மனம் தளர்ந்துவிடும் என்றார் நர்ஸ். அது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்கிற மருத்துவரின் இடம். அங்கே காத்திருப்பவர்களில் ஒரு மார்பு இல்லாத இன்னொருத்தி இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளாமலே எழுந்து போக வேண்டும் என்பதுதான் அந்த அறையின் விதி.